காயல் கடக்கும் ஆதித்தன்

வைக்கம் மகாதேவர் கோயிலிலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால், வீதி முடிந்து தண்ணீர் தொடங்குகிற இடத்தில் படகுத்துறை வந்துவிடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் அதை ஜெட்டி என்றே சொல்கிறார்கள். காலை எட்டு மணி அளவில் அங்கே போய் நின்றால், தோளில் பை மாட்டிய உத்தியோகஸ்தர்களும், சீருடை அணிந்த பள்ளிப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகிற முதியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வரும் பெண்களும், எதிரே வரிசையாகத் தெரியும் தென்னந்தோப்புகளைப் பார்த்தவண்ணம் காத்திருப்பதைக் காணலாம். எதிர்க்கரையின் பெயர் தவணக்கடவு. இந்தக் கரை கோட்டயம் ஜில்லா. அந்தக் கரை ஆலப்புழை ஜில்லா. நடுவே இரண்டரை, மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு வேம்பநாட்டுக் காயல். தரைமார்க்கமாகப் போவதென்றால் தெற்கே தண்ணீர்முக்கம் அணை வரைக்கும் சென்று சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஜலமார்க்கமாகவோ கால் மணி நேரப் பிரயாணம். இந்தக் கால் மணி நேரத்தை நம்பியே, தலைமுறை தலைமுறையாக, இரு கரை மனிதர்களும் தங்கள் படிப்பையும் பிழைப்பையும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதையும் அமைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

2017-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 12-ஆம் தேதி, இந்தத் துறையிலேதான், சூரிய சக்தியைக் கொண்டு ஓடும் பயணிகள் படகு இந்தியாவில் முதன்முதலாகப் பொதுஜன சேவைக்கு விடப்பட்டது. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்து இலாகாவுக்குச் சொந்தமான அந்தப் படகுக்கு 'ஆதித்யா' என்று பெயர் சூட்டினார்கள். நமக்கு ஆதித்தன் என்றால் சோழ வம்சத்து அரசர்களும் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் இந்த ஆதித்தன் ராஜகம்பீரம் எதுவும் இல்லாதவன். எழுபத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஓடத் தொடங்கிய காலத்தில் ஆளுக்கு 4 ரூபாய் வாங்கிக்கொண்டு, நாளொன்றுக்கு இருபத்திரண்டு தடவை காயலைக் கடக்கும் உழைப்பாளி.

படகில் ஏறி உட்கார்ந்ததும், எதையோ கரையிலே மறந்து வைத்துவிட்டு வந்தாற்போன்ற உணர்ச்சி ஒன்று ஏற்படுகிறது. இல்லாதது என்னவென்று தெரிய இரண்டு நிமிஷம் ஆகும். பழைய டீசல் படகுகளில் போனவர்களுக்கு அது உடனே விளங்கிவிடும்: பலகையும் தகடும் அதிர, உட்கார்ந்த பெஞ்சு நடுங்க, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதானாலும் கத்திப் பேசி, பின்பக்கத்தில் இடம் கிடைத்தவர்கள் புகையைக் குடித்துக்கொண்டே கரை சேர வேண்டிய பிரயாணம் அது. அந்தப் படகுகளில் சுக்கான் பிடிப்பவர் முன்பக்கத்தில் நிற்பார். அவரை ஸ்ராங்கு என்று அழைப்பார்கள், பாரசீகத்திலிருந்து மாலுமிகளின் வாய்வழியே வந்து நம் கரைகளில் தங்கிவிட்ட சொல். யந்திரத்தை இயக்குபவரோ சத்தத்தின் நடுவே, தனியாக, கீழே உட்கார்ந்திருப்பார். ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாது. ஆகையால் ஸ்ராங்கு ஒரு கயிற்றை இழுத்து மணி அடிப்பார். அந்த மணியோசையைக் கொண்டு, முன்னே விடுவதா, பின்னே விடுவதா, நிறுத்துவதா என்று யந்திரக்காரர் அறிந்து நடப்பார். துறையை நெருங்கும் வேளையில் அந்த மணி விட்டு விட்டு ஒலிப்பதைக் கேட்டே, ஜன்னலைப் பாராமல், இறங்க வேண்டியவர்கள் எழுந்து நிற்பார்கள்.

ஆதித்யாவில் அந்த மணிக்கு வேலை இல்லை. இரண்டு மோட்டார்களையும் இயக்கும் பிடிகள் ஸ்ராங்கின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. வடத்தை அவிழ்த்து உள்ளே எறிகிறார்கள். ஸ்ராங்கு பிடியைச் சற்று முன்னே தள்ளுகிறார். படகு புறப்பட்டுவிட்ட செய்தி காதுக்குத் தெரிவதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரிகிறது. துறையின் தூண்கள் மெல்லப் பின்னே போகின்றன. அடியில் தண்ணீர் பிளந்து ஓடும் சளசளப்பு. இரண்டு வரிசைக்கு அப்பால் யாரோ கரிமீன் விலையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வது தெளிவாகக் காதில் விழுகிறது. காயலின் நடுவே சிப்பி அள்ளுகிறவர்களின் சிறு வள்ளம் ஒன்று எதிர்ப்பட்டால், அதில் இருப்பவர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சொல்லும் வார்த்தைகூட நமக்குக் கேட்கும்.

இவ்வளவையும் மேலே பரப்பிய சூரியத் தகடுகளின் மகிமை என்று எண்ணுவது இயல்பு. நானும் வெகு நாள் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது விஷயம் வேறாக இருக்கிறது. ஆதித்யா 20 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள படகு. ஆகவே அதன் கூரையில் கிடைக்கக்கூடிய இடம் அதிகம் போனால் 140 சதுர மீட்டர். நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர்மேல் விழும் ஒளியின் சக்தி ஏறத்தாழ ஒரு கிலோவாட். அதில் ஆறில், ஏழில் ஒரு பங்கைத்தான் தகடுகள் மின்சாரமாக மாற்றித் தருகின்றன. எப்படிப் பார்த்தாலும் சுமார் 20 கிலோவாட்டுக்கு மேல் அந்தக் கூரை கொடுக்காது. அதுவும் உச்சிவேளையில், மேகம் இல்லாதபோது. கூரையை நீட்ட முடியாது, சூரியனிடம் கூடுதலாகக் கேட்கவும் முடியாது. அப்படியானால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சொற்பத்துக்குள் அடங்கி ஓடும்படியாகப் படகையே புதிதாகப் படைக்க வேண்டும்.

இந்தப் படகின் கதையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே. சாதாரண டீசல் படகைக் கட்டுகிறவர் பாரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. படகு கனத்துப் போனால் என்ன, பெரிய யந்திரம் ஒன்றை வைத்துவிட்டால் போகிறது. யந்திரம் பெரிதானால் எண்ணெய்த் தொட்டியும் பெரிதாகும், படகு மேலும் கனக்கும், இன்னும் பெரிய யந்திரம் வேண்டும். அந்தச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினவர்கள், ஆதித்யாவைக் கட்டிய கொச்சி நகரத்து நவால்ட் கம்பெனியார். அந்தக் கம்பெனி கேரளத்துப் படகு நிபுணர்களும் பிரெஞ்சு தேசத்து ஸ்தாபனங்கள் இரண்டும் சேர்ந்து ஏற்படுத்தியது. அதன் ஸ்தாபகர் சந்தித் தண்டாசேரி, நம் சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் கலையைப் பயின்றவர். அடையாற்றங்கரைக்கு அருகே கற்ற வித்தை வேம்பநாட்டுக் கரையில் வந்து பலித்தது என்பதில் தமிழர்களுக்கும் ஒரு சந்தோஷம் உண்டு.

அவர்கள் கனத்த உடல் ஒன்றுக்குப் பதிலாக, ஒல்லியான உடல்கள் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்து, மேலே ஒரே தளத்தால் பிணைத்தார்கள். நம் கடற்கரையின் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலேயர்கள் இரவல் வாங்கி, பிறகு இரட்டை உடற்படகுக்கு இட்ட 'காட்டமரான்' என்ற பெயரே இவ்வகைப் படகுக்கும் வழங்குகிறது. ஒல்லியான உடல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதில்லை, ஊடுருவிக்கொண்டு போகிறது. அலை எழுப்புவதில் விரயமாகும் சக்தி மிச்சமாகிறது. உடலை இரும்பினால் செய்யாமல் கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்கினால் செய்தபடியால் பாரமும் குறைந்தது. இவ்வளவுக்கும் மேலாக, வேகத்தைப் பற்றி ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். தண்ணீரில் ஓடும் படகின் வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால், வேண்டிய சக்தி இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய எட்டு மடங்கு. ஆகையால் மணிக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் என்ற நிதானமான வேகமே தினசரி ஓட்டத்துக்குப் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். அவசரமானால் அதற்குமேல் போகவும் முடியும். ஆனால் கால் மணியில் கடக்கும் தூரத்தைப் பன்னிரண்டு நிமிஷத்தில் கடப்பதற்காக மின்சாரத்தை வாரி இறைப்பானேன்?

பலன் என்னவென்றால், எழுபத்தைந்து பேரைச் சுமந்துகொண்டு சாதாரண வேகத்தில் ஓட ஆதித்யாவுக்குச் சுமார் 16 கிலோவாட் போதுமானதாக இருக்கிறது. நம் வீடுகளில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுக்கும். பதினாறு இஸ்திரிப் பெட்டிகள் இழுக்கிற மின்சாரத்தில் ஒரு படகு நிறைய ஜனங்கள் காயலைத் தாண்டுகிறார்கள்! கால் மணி நேரத்துக்கு நான்கு யூனிட். அதை எழுபத்தைந்தால் வகுத்தால், ஒரு மனிதரை அக்கரை சேர்க்கச் செலவாகும் மின்சாரம், அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றை ஒரு மணி நேரம் எரிப்பதைவிடக் குறைவு. இருபத்திரண்டு தடவைக்கும் சேர்த்துச் சுமார் 90 யூனிட். நல்ல வெயில் நாளில் கூரை கொடுப்பது ஏறத்தாழ 80. மீதிக்கு, படகின் இரண்டு உடல்களுக்குள்ளும் வைத்திருக்கும் 50 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பாட்டரிகள் கைகொடுக்கின்றன. அவற்றை இரவில் கரை மின்சாரத்தால் நிரப்பிக்கொள்கிறார்கள். வெயில் மட்டுமே குடித்து ஓடுகிறது என்று சொன்னால் அது மிகையாகிவிடும். பெரும்பாகம் வெயிலால் ஓடுகிறது என்பதே உண்மை, அந்த உண்மையே போதிய பெருமை உடையது.

மின்சாரப் படகு என்பது நாம் எண்ணுகிற அளவுக்குப் புதுமையானதும் அல்ல. 1839-ஆம் வருஷத்திலேயே யாகோபி என்ற விஞ்ஞானி ருஷிய தேசத்தின் நேவா நதியில் பாட்டரியால் ஓடும் படகில் மனிதர்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். 1881-இல் பாரிஸ் நகரத்து குஸ்தாவ் த்ரூவே, சேன் நதியில் தம்முடைய மின்சாரப் படகை ஓட்டினார். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், காட்சிகளைக் காண வந்த ஜனங்கள் மின்சாரப் படகுகளிலே சுற்றி வந்தார்கள். பிறகு எண்ணெய் மலிந்தது. ஈயப் பாட்டரியின் பாரத்தைச் சுமப்பானேன் என்று படகுகள் யந்திரத்துக்கு மாறிவிட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்த எண்ணம், பாட்டரி இலேசாகி, சூரியத் தகடு மலிவாகிய பிற்பாடு கண் விழித்திருக்கிறது. 2010-இல் மொனாக்கோவிலிருந்து புறப்பட்டு, சூரிய சக்தி ஒன்றையே கொண்டு உலகத்தைச் சுற்றி 2012 மே மாதம் திரும்பி வந்த 'பிளானட் சோலார்' கப்பலின் சாகசத்தை உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. அது கொண்டாடத்தக்கதே. ஆனால் மழையோ வெயிலோ, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தவறாமல் புறப்பட வேண்டும் என்ற கட்டுப்பாடு அந்த உலக யாத்திரைக்கு இருக்கவில்லை. ஆதித்யாவுக்கு இருக்கிறது. த்ரூவேயின் பெயரால் மின்சாரப் படகுகளுக்கு வழங்கப்படும் சர்வதேசப் பரிசு, கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றும் படகுகளின் வரிசையில், 2020-இல் ஆதித்யாவுக்குக் கிடைத்தபோது, அந்தத் தினசரிக் கட்டுப்பாட்டுக்குத் தகுந்த மரியாதை கிடைத்தது என்றே நான் மகிழ்ந்தேன்.

பணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். இதே துறையில் ஓடும் டீசல் படகு நாளொன்றுக்குச் சுமார் 120 லிட்டர் எண்ணெய் குடிக்கும் என்பது இலாகாவின் கணக்கு. படகு ஓடத் தொடங்கிய காலத்தில் அதன் விலை ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய். ஆதித்யாவுக்கு இரவில் ஏற்றும் கரை மின்சாரத்தின் செலவு அப்போது நாளொன்றுக்குச் சுமார் 180 ரூபாய். படகைக் கட்ட ஏறத்தாழ 2 கோடி ரூபாய் ஆயிற்று. முதலில் போடும் தொகை பெரிதுதான். ஆயினும் முதல் மூன்று வருஷங்களுக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளைச் சுமந்து, 70,000 கிலோமீட்டர் ஓடி, ஒரு லட்சம் லிட்டர் டீசலை அது மிச்சப்படுத்தியது. அந்த ஒரு லட்சம் லிட்டரின் புகையும் கசிவும், மீனும் சிப்பியும் பிடித்துப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் காயலில் கலக்காமல் போயின என்பதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

நீர்வழிப் பிரயாணத்தின் துயரங்களையும் இந்தப் பிரதேசம் நன்றாக அறியும். 1924 ஜனவரியில் ஆலப்புழை ஜில்லாவின் பல்லனையில் படகு கவிழ்ந்து, மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசான் மறைந்தார். 2002 ஜூலை 27-ஆம் தேதி, முகம்மையிலிருந்து குமரகத்துக்கு வந்துகொண்டிருந்த படகு இதே வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி இருபத்தொன்பது உயிர்கள் போயின. அவர்களில் பலர் அரசாங்க வேலைக்கான பரீட்சை எழுதப் புறப்பட்ட வாலிபர்கள். காயற்கரைக் குடும்பங்கள் அதை மறக்கவில்லை. இரட்டை உடற்படகில் ஜனங்கள் எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து வந்தாலும், அகன்ற அடித்தளம் காரணமாக அது எளிதில் சாய்வதில்லை. சக்தியைச் சிக்கனம் செய்வதற்காகத் தேர்ந்தெடுத்த வடிவமே பத்திரத்தையும் கூட்டியது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காரும் தாய்க்கு, யூனிட்டும் கிலோவாட்டும் தெரிய வேண்டியதில்லை. படகு ஆடாமல் போகிறது என்பது தெரியும்.

குமாரன் ஆசான் மறைந்த அதே வருஷத்தில்தான் வைக்கத்தின் பெயர் தேசமெங்கும் பரவியது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் 30-இல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் வந்தார். இரு முறை சிறை சென்றார். மறு வருஷம் மார்ச் மாதத்தில் காந்தியடிகள் நீர்வழியாக வந்து வைக்கத்தின் பழைய படகுத்துறையில் இறங்கினார். வைக்கத்திலுள்ள பெரியார் நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பர் 12-இல் திறக்கப்பட்டது. யார் எந்த வழியில் போகலாம் என்று ஜாதி பார்த்து விதித்த ஊரின் கரையிலிருந்து, இன்று யாராயினும் ஒரே கட்டணம் கொடுத்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போகும் சர்க்கார் படகு புறப்படுகிறது. இந்தியாவின் முதல் சூரியப் படகைச் சுற்றுலாத் தனவந்தர்களுக்கு என்று ஒதுக்காமல், தினக்கூலிக்காரரும் ஏறும் கடவில் விட்ட இலாகாவை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேகம் கவிந்து வாரக்கணக்கில் மழை கொட்டும்போது கூரைத் தகடுகள் பாதிகூடக் கொடுக்க மாட்டா. அப்பொழுது கரை மின்சாரத்தையே அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது. ஆறுகள் பெருகி வரும் காலத்தில் மிதந்து வந்து சேரும் ஆகாயத்தாமரை, விசிறியில் சுற்றிக்கொண்டு மோட்டாரை அமுக்கும்; டீசல் யந்திரம் உறுமிக்கொண்டு இன்னும் கொஞ்சம் எண்ணெய் குடித்துச் சமாளிக்கும், இங்கேயோ ஒவ்வொரு யூனிட்டும் எண்ணிப் பார்த்துச் செலவு செய்ய வேண்டியது. பாட்டரிகள் சிரஞ்சீவிகள் அல்ல. சில வருஷங்களுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும், அந்தச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வைக்காத இலாகா பிற்பாடு தவிக்கும். நீண்ட தூரத்துக்கு, எதிர்ப் பிரவாகத்தில், வேகமாகச் செல்ல வேண்டிய நதிப் பாதைகளுக்கு இதே படகை அப்படியே கொண்டுபோய் விட்டால் பயன்படாது. ஒவ்வொரு துறைக்கும் அதனதன் தூரத்தையும் நீரோட்டத்தையும் கூட்டத்தையும் அளந்து, அதற்கென்று ஒரு படகை வடிக்க வேண்டும். தையற்காரர் ஆளைப் பார்த்து அளவெடுப்பதைப் போன்ற காரியம் அது. பழைய படகின் தலையில் நான்கு தகடுகளைக் கட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதால் ஆகாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தகடு வாங்குவது சுலபம், படகைத் திருத்துவது சிரமம். சுலபமானதை மட்டும் செய்துவிட்டுச் சூரிய சக்தி பிரயோஜனமில்லை என்று கைவிடும் அபாயம் எங்கும் உண்டு.

வேறு இடங்களில் வேறு விதமாகவும் முயல்கிறார்கள். கொச்சி நகரத்தில் 2023 ஏப்ரல் 25-இல் தொடங்கிய நீர் மெட்ரோவில், கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய நூறு பேர் செல்லும் படகுகள் ஓடுகின்றன. அவை துறையில் ஏற்றிக்கொள்ளும் மின்சாரத்தால் ஓடுபவை. நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் கூடவே மிதந்து ஏறி இறங்குவதால், சக்கர நாற்காலியில் வருகிறவர்கூடப் பிறர் உதவி இல்லாமல் ஏற முடிகிறது. தென் அமெரிக்காவில் எக்குவடோர் தேசத்து அமேசான் காட்டில், அச்சுவார் என்ற ஆதிவாசி மக்கள், ஆதித்யா ஓடத் தொடங்கிய அதே 2017-இல், தங்கள் நதிகளில் சூரியத் தோணி ஒன்றை விட்டார்கள். தங்கள் புராணக் கதையில் வரும் மின்விலாங்கின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். சாலை வந்தால் காடு அழியும், பெட்ரோலோ ஆகாய விமானத்தில் வந்து சேர வேண்டிய விலையுயர்ந்த சரக்கு. நதியே சாலையாக, வெயிலே எண்ணெயாக அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் திரும்பி வரும்போது காயல் செம்பு நிறமாக இருக்கிறது. ஸ்ராங்கின் எதிரே உள்ள பலகையில், கூரை கொடுக்கும் மின்சாரத்தின் அளவு சிறிது சிறிதாக இறங்கிப் பூஜ்யத்தை நெருங்குகிறது. பாட்டரியில் மிச்சம் உள்ளதைக் கொண்டு படகு போய்க்கொண்டிருக்கிறது. கடைசி நடை முடிந்ததும் வடத்தைத் துறைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுகிறார்கள். பெருவிரல் பருமனுள்ள கறுப்புக் கேபிள் ஒன்றைக் கரையிலிருந்து இழுத்து வந்து படகில் சொருகுகிறார்கள். அந்தக் கம்பிவழியே வரும் கேரளத்து மின்சாரத்தின் ஒரு பகுதி, இடுக்கி அணைக்குக் கீழே மூலமட்டத்தில், மலைக்குள் குடைந்த மின்நிலையத்தில் பிறப்பது. அங்கே சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வரும் தண்ணீர் தொடுபுழை ஆற்றில் விழுந்து, மூவாற்றுப்புழை ஆறாகி, வைக்கத்துக்கு அருகிலேயே வேம்பநாட்டுக் காயலில் வந்து சேருகிறது. இருட்டிய பிறகும் துறையில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். பாட்டரி நிரம்பத் தொடங்கியதற்கு அடையாளமாக ஒரு சிறு பச்சை விளக்கு எரிந்தது; மலையிலிருந்து வந்த தண்ணீர் படகின் இரண்டு உடல்களுக்கும் நடுவே புகுந்து மெல்ல மோதிக்கொண்டிருந்தது.